ஆறாவது பதக்கம்

அத்தியாயம் பதினொன்று

கப்பல் கேப்டன் மகள் கல்யாணத்தில், விருந்து முடிந்து, மாப்பிள்ளையின் அப்பா சுருட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த இடத்தில் போன வாரம் விட்டோம். அந்தச் சிரிப்பு கல்யாணக் கூடத்தோடு ஒழிந்திருந்தால் இந்த வாரம் நமக்கு வேலையே இல்லை.

ஒழியவில்லை. மூன்று நாள் கேப்டனின் காதிலேயே குடியிருந்தது. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் அதைச் சுமந்துகொண்டு மூக்குக்காரரின் கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பல் டாக்டரும் கட்டட காண்ட்ராக்டரும் வந்தார்கள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மனமகிழ் மன்றத்து மாடியில் ஒன்றாக உட்கார்ந்து புகைவிடுகிறவர்கள்.

மூக்குக்காரரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வருஷமாக வெளிநாட்டுச் சுருட்டு விற்கிறவர். சீல் உடைக்காத பெட்டியை எடுத்து, மூடி சேரும் இடுக்கில் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, "ம்" என்பார். வாங்குகிறவர்களுக்கு அந்த "ம்" போதும். கம்பெனி முத்திரையைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய வாசனை உணர்வை மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. காபி, மழை, அடிப்பிடித்த பால், எதுவும் தெரியாது. முன்பெல்லாம் வருகிற சரக்கில் ஒரு பெட்டியைப் பிரித்துச் சோதிப்பார். மூக்கு போனபிறகு, பிரித்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்ற எரிச்சலில் அதையும் விட்டுவிட்டார். கண்ணை மூடி "ம்" சொல்வதை மட்டும் விடவில்லை. இந்த விஷயம் தனக்கும் தன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டி மேஜைமேல் தொப்பென்று விழுந்தது.

"இது என்னய்யா?"

"தங்கச் சேவல், கேப்டன். நம்ம கடையில வாங்கினதுதான். கல்யாணத்துக்கு."

"சேவலா? உள்ள பாரு. எந்தச் சேவலும் இந்தக் குப்பையைக் கிளறாது."

நீளவாக்கில் கத்தியால் கீறிய சுருட்டு ஒன்று உள்ளே கிடந்தது. குச்சி, காம்பு, தூள். நடுவில் சாக்குப்பையிலிருந்து வந்தது போல ஒரு நூல்.

"கோணி நூல்! என் சம்பந்திக்குக் கோணியை ஊதக் குடுத்திருக்கேன் நான்!"

மூக்குக்காரர் அந்த நூலை எடுத்துப் பார்த்தார்.

"அந்தக் காகிதப் பட்டையைப் படி. சத்தமா படி."

சுருட்டின் இடுப்பில் சுற்றியிருந்த தங்க நிறப் பட்டையை அவர் கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நடுவில் சேவல். அதன் காலடியில் வரிசையாக ஆறு குட்டிப் பதக்கங்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில்.

"ஆறு... ஆறு தங்கப் பதக்கங்கள்."

படித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அசல் தங்கச் சேவலின் பட்டையிலும் ஆறு பதக்கம்தான் வரைந்திருக்கும். ஆனால் எழுத்தில் "ஐந்து தங்கப் பதக்கங்கள்" என்றுதான் இருக்கும். எந்தக் காலத்திலோ கம்பெனிக்காரன் செய்த பிழை. அவனும் திருத்தவில்லை, ஊதுகிறவர்களும் திருத்த விடவில்லை. அந்தப் பிழைமேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம். ஞாயிற்றுக்கிழமை மாடியில் தீக்குச்சி உரசுவதற்கு முன் ஒருவர் கேட்பார்: "ஆறாவது பதக்கம் யாருக்கு?" மற்றவர்கள் கோரஸாக, "ஊதறவனுக்கு!" என்பார்கள். பிறகுதான் முதல் புகை.

மூன்று மாதமாக இந்தப் போலிச் சுருட்டை வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், அந்தப் பதிலையும் சொன்னார்கள். கையில் இருக்கும் பட்டையில் "ஆறு" என்று கொட்டை எழுத்தில் இல்லாவிட்டாலும் பொடி எழுத்தில் இருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், குனிந்து பார்த்திருக்கலாம். ஒருவர் கடலையே அளந்தவர். ஒருவர் வாய்க்குள் விளக்கடித்து ஓட்டை தேடுகிறவர். ஒருவர் சுவரில் நூல்பிடித்துப் பார்க்கிறவர். சொல்லி என்ன செய்ய!

"மோந்து பாத்துத்தானே குடுத்தே?" கேப்டன் மேஜையில் குத்தினார்.

"ஆமா."

"பெட்டியை மூக்குல வெச்சு, கண்ணை மூடி, 'ம்'னியே. அப்ப தெரிஞ்சேதானே குடுத்தே?"

மூக்குக்காரர் பட்டையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்தார். மூடினார். எனக்கு மூக்கே இல்லை என்று சொன்னால் கேப்டனிடம் தப்பிக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷக் கடை அந்த நிமிஷமே மூடிவிடும்.

"எனக்கென்னவோ நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பல் டாக்டர், மெதுவாக. "அதான் எனக்கு இன்னும் கோவமா வருது."

"நீ பேசாதேய்யா. போன மாசம் என்ன சொன்னே? சந்தன மரம், கோகோ, கடைசி இழுப்புல லேசா தேன்..."

"தேன் சொன்னது நீங்க, கேப்டன்."

கேப்டனின் முகம் சிவந்தது. உண்மையில் அவருக்குச் சுருட்டு போலி என்பதல்ல கோபம். கோணி நூலில் தேன் ருசி கண்ட தன் நாக்கின்மேல்தான் கோபம். நாக்கை உதைக்க முடியாது, அதனால் கடைக்காரரை உதைக்க வந்திருக்கிறார்.

காண்ட்ராக்டர் மட்டும் நிதானமாக இருந்தார். "என்னைக் கேட்டா, பட்டையில எழுத்தை மட்டும் சரி பண்ணிட்டு, பாதி விலைக்கு இதையே குடு. நான் வாங்கிக்கறேன். வர்ற ஆபீசருங்களுக்கு நீட்டத்தானே? எவன் வெட்டிப் பாக்கப்போறான்?"

"த்தூ!" என்றார் கேப்டன். "இவன் ஒருத்தன். எல்லார் முன்னாடியும் சம்பந்தி என்னைக் கேட்டான்யா, 'பதக்கம் ஒண்ணு கூடியிருக்கே, மரியாதையில ஒண்ணு கழிச்சுக்கிட்டீங்களா?'ன்னு. என் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கல்யாணத்தன்னிக்கு! சாயங்காலம் ஆறு மணிக்கு மன்றத்துக்கு வா. சரக்கு எவன் குடுத்தான்னு பேரோட வா. பேர் இல்லாம வந்தே, புகார் உன் பேர்ல போகும்."

மூவரும் போனார்கள். டாக்டர் மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

---

பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகத்தில், முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் மூக்குக்காரரின் மனைவி 'அக்கா'. பிழை திருத்துகிறவள். கையில் எப்போதும் சிவப்புப் பேனா. ஹோட்டலில் சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால், என்ன சாப்பிடலாம் என்று பார்ப்பதற்குமுன் எந்தக் கொம்பு விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில்கூட வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். பிழையைக் கண்டால் அவளுக்குக் கை நமைக்கும். நிறுத்த முடியாது.

புருஷன் கடைக்கு மட்டும் அவள் போனதே இல்லை. புகை ஆகாது, இருமல் வந்துவிடும். கடைச் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது கல்யாணமான முதல் வாரத்தில் போட்ட சட்டம். ஆகையால் ஒரு சுருட்டுப் பட்டையை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தது கிடையாது.

அன்று மத்தியானம் அவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். இதுவரை வந்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள்.

"என்னங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உக்காரு."

நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நோட்டுக்குள்ளிருந்து அந்தப் பட்டையை எடுத்து, நீளமாகப் பிரித்து அவள் மேஜையில் வைத்தார்.

"எழுத்தோட பொழங்கறவ நீ. இதை எங்க அடிச்சிருப்பான்னு ஏதாவது தெரியுதா பாரு. காகிதம், மை, ஏதாவது."

அவள் பார்த்தாள். சேவல். ஆறு பதக்கம். "ஆறு தங்கப் பதக்கங்கள்."

பதக்கங்களை விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாள். அவள் வீட்டுச் சமையலறை மேஜை. லேபிள் அச்சகம் வைத்திருக்கும் தம்பி, சின்னவன், ஒரு தாளை நீட்டினான். "வெளிநாட்டு சாக்லேட்டுக்கு லேபிள்க்கா. அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துக் குடு." நீளமான பட்டை, சேவல், பதக்கங்கள். அவள் எண்ணினாள். யாராவது லேபிளில் இருக்கும் பதக்கத்தை எண்ணுவார்களா? அவள் எண்ணுவாள். வட்டம் போட்டு ஓரத்தில் எழுதினாள்: "படத்தில் ஆறு, எழுத்தில் ஐந்து. எது சரி?"

"உன் கண்ணுல எதுவும் தப்பாதுக்கா," என்று சிரித்தான் அவன். "ஆறுன்னே மாத்திடறேன்." அந்தப் பாராட்டில் குளிர்ந்துபோய் அவனுக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தாள். அதை இப்போது நினைக்கையில் அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"சரக்கு யார் குடுத்தாங்க?" என்றாள்.

"நம்ம சின்னவன்தான். துறைமுகத்துல ஆள் தெரியும்னு சொன்னான். பாவம், அவனையும் எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்." அவர் பட்டையை மறுபடி நோட்டுக்குள் வைத்தார். "அவன் பேரை நான் சொல்லப்போறதில்ல. உன் தம்பி. விவரம் தெரியாம மாட்டிக்கிட்டான். என் கடையில வித்தது, நானே ஏத்துக்கறேன்."

"பாவம்" என்று அவர் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அது நான் திருத்தியதுங்க என்று ஒரு வார்த்தை.

"ஒண்ணும் தெரியலைங்க," என்றாள். "நீங்க போங்க. சாயங்காலம் பாக்கலாம்."

இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

---

சின்னவனின் அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசல்வரை மை வாடை. தங்க நிற மையில் காகிதச் சுருள் சரசரவென்று வந்து பெட்டியில் விழுந்தது.

"அக்கா! என்ன திடீர்னு? உக்காரு, டீ சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. விழுந்துகொண்டிருந்த சுருளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சேவல், ஆறு பதக்கம், கீழே எழுத்து. இம்முறை "ஐந்து".

"சாக்லேட்டாடா இது?"

அவன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தான். பிறகு, மாட்டிக்கொண்ட பின் மறைத்து என்ன பயன் என்பது போலச் சிரித்தான்.

"கேப்டன் வீட்டு விஷயம் காதுல விழுந்துச்சு. உடனே மாத்திட்டேன். அந்தத் தப்பு இருந்தாத்தான் சரியாம், யாருக்குத் தெரியும்? நானும் ஊதறதில்ல, நீயும் ஊதறதில்ல. இப்ப பாரு, கரெக்டா தப்பா இருக்கு."

அவள் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். சத்தம் நின்றது.

"இன்னும் அடிக்கறியா? அங்க உன் மாமாவைத் திருடன்னு சொல்லிட்டிருக்காங்க. நீ இன்னும் அடிக்கறியா?"

"எதுக்குக் கத்தறே? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு, சொல்லு. மூணு மாசம் ஊதினாங்க. தேன்னாங்க, சந்தனம்னாங்க. ஒருத்தன் இருமல! அவங்க ஊதறது புகையிலையை இல்லக்கா, இந்தப் பட்டையை. விரலுக்கு நடுவுல தங்கமா மின்னணும், பக்கத்துல இருக்கறவன் பாக்கணும். அவ்வளவுதான். உள்ள வைக்கோல் இருந்தாலும் சந்தோஷமா ஊதுவாங்க. நான் அவங்களுக்கு வேண்டியதைத்தான் குடுத்தேன்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஊர்ல கடையே இல்லையா? மாமா கடைதான் கிடைச்சுதா உனக்கு? பெட்டியை மோந்து பாத்து..."

"அவருக்குத்தான் வாசனையே தெரியாதே!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அவள் கையிலிருந்த சுருள் கீழே விழுந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

"நீதான். ஆஸ்பத்திரி வராண்டாவுல, அழுதுக்கிட்டே சொன்னியே. யார்கிட்டயும் சொல்லிடாதடான்னு சொன்னியே. நான் யார்கிட்டயும் சொல்லலைக்கா. சத்தியமா." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேற எந்தக் கடைக்குப் போனாலும் முதல் நாளே பிடிச்சிருப்பாங்க. மாமா 'ம்'னு சொல்லிட்டா மத்தவங்க பேசாம வாங்குவாங்க. அதனாலதான்..."

பளார் என்று விழுந்தது. அவன் கன்னத்தில் விழுந்த ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

"அடி," என்றான் அவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "நல்லா அடி. ஆனா மாமா என் பேரைச் சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரியும்."

அவளும் அதைத்தான் நினைத்தாள். அவருடைய மூக்கையும் கணக்குப் போட்டிருக்கிறான், நல்ல மனசையும் கணக்குப் போட்டிருக்கிறான். கூடப் பிறந்தவன் என்று தோளில் தூக்கி வளர்த்தவளுக்கு அவன்மேல் இப்படி ஒரு அருவருப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சுவரோரம் கம்பியில் பழைய தாள்கள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. சின்னவன் சோம்பேறி, எதையும் தூக்கிப் போடமாட்டான். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள். அடியில் இருந்தது. சேவல், சிவப்பு வட்டம், அவளுடைய குண்டுக் கையெழுத்து: "எது சரி?"

"அதைக் கிழிச்சுப் போடுக்கா! அதுல இருக்கறது உன் எழுத்து. என் பேர் எங்கயும் இல்ல. கொண்டுபோனா நீதான் மாட்டுவே!"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவன்தான். அவள் எடுக்கவில்லை.

---

மன்றத்து மாடியில் ஒரு வட்ட மேஜை. அதன்மேல் ஒரு தட்டில் பட்டை கழற்றிய இரண்டு சுருட்டுகள். பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். கேப்டன் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்.

"பேர் கொண்டுவந்தியா?"

"இல்ல கேப்டன். என் கடையில வித்தது. நான்தான் பொறுப்பு."

"யாரையோ மறைக்கறே. சரி." கேப்டன் தட்டை நகர்த்தினார். "இதுல ஒண்ணு அசல். ஒண்ணு உன் கோணி. எது எதுன்னு மோந்து சொல்லு."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா, தெரிஞ்சே வித்த திருடன். சொல்லலைன்னா, பதினெட்டு வருஷமா சும்மா 'ம்' போட்டு எங்களை முட்டாளாக்கினவன். உனக்கு எது வசதின்னு நீயே முடிவு பண்ணிக்க."

யாரோ சிரித்தார்கள். மூக்குக்காரர் ஒரு சுருட்டை எடுத்தார். பழகிய கை, தானாகவே மூக்குக்குப் போனது. கண்ணை மூடினார். இழுத்தார். எங்கும் ஒன்றுமில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஒன்றுமில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. பத்துப் பன்னிரண்டு பேர் அந்த "ம்"முக்காகக் காத்திருந்தார்கள்.

"அவரை மோந்து பாக்கச் சொல்லாதீங்க."

வாசலில் அக்கா. புகையில் இருமல் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"இவர் சம்சாரம். ரெண்டு வருஷமா அவருக்கு வாசனையே தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. எதை வெச்சு நீட்டினாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"ஏய்!" என்றார் மூக்குக்காரர். அதட்டல்தான், ஆனால் பாதியில் உடைந்துபோன அதட்டல். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மீதியைச் சொல்ல முடியாது.

பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"இந்தப் பட்டையை அடிச்சது என் தம்பி. அஞ்சை ஆறுன்னு திருத்தச் சொன்னது நான். இது என் எழுத்து. சாக்லேட்டுன்னு சொன்னான், நம்பினேன். இவருக்கு எதுவும் தெரியாது."

கேப்டன் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்படின்னா, குடும்பமே சேர்ந்து எங்களை..."

"கொஞ்சம் நிறுத்துங்க." அவள் குரல் உயர்ந்தது. அச்சகத்தில் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "மூணு மாசமா கையில வெச்சுக்கிட்டு இருந்தீங்களே, ஒருத்தராவது படிச்சீங்களா? ஆறாவது பதக்கம் யாருக்குன்னு வாராவாரம் கேட்டீங்களாமே, கீழ குனிஞ்சு பாத்தீங்களா? தேன்னு சொன்னது யாரு? இவருக்கு மூக்குதான் போச்சு. உங்களுக்குக் கண்ணு இருந்துச்சு, நாக்கு இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. உங்களை ஏமாத்தினது என் தம்பி. அவனுக்குத் தண்டனை வாங்கிக் குடுங்க. இவரை நடுவுல உக்கார வெச்சு வேடிக்கை பாக்க உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

பல் டாக்டர் தன் கையிலிருந்த சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கினார். காண்ட்ராக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "நல்லா பேசறீங்க. பேச்சு எதுக்கும் ஆகாது. எழுதிக் குடுப்பீங்களா?" தட்டச்சுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் படித்தாள். புகார். இரண்டாவது பத்தியில், "மேற்படி கடைக்காரர், சரக்கு போலி என்று அறிந்தே விற்றார்" என்று இருந்தது. அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். "அறிந்தே" என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே எழுதினாள்: "அறியாமல்".

கீழே ஒரு வரி காலியாக இருந்தது. சரக்கைக் கொடுத்தவர் பெயர்.

"வேண்டாம்," என்றார் மூக்குக்காரர். "உன் தம்பி. யோசிச்சுக்க."

பேனா முனை காகிதத்தில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி பெரிதானது. தூக்கி வளர்த்த கை, அதே கைதான். பிறகு அவள் தம்பியின் முழுப்பெயரை எழுதினாள். அச்சகத்தின் முகவரியை எழுதினாள். பிழையில்லாமல் எழுதினாள். அதற்குக் கீழே தானாகவே இன்னொரு வரி சேர்த்தாள். பட்டையைத் திருத்தியவர் என்று போட்டு, தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

கேப்டன் தாளை வாங்கிக்கொண்டார்.

படியில் இருவரும் மட்டும் இறங்கினார்கள். பைக்குள் போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எல்லோர் முன்னாலும் மூக்கு இல்லை என்று சொல்லிவிட்டாளே. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தாள். அவர் நடுப்படியில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சின்னவன் ஏன் என் கடைக்கு வந்தான்? எனக்கு வாசனை தெரியாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"தெரியும்."

"நான் சொல்லலையே."

"நான்தான் சொன்னேன்."

அவர் கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். காலையிலிருந்து கேப்டன் கத்திய கத்தலெல்லாம் சேர்ந்தாலும் அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அந்தத் தாள்ல எல்லாத்தையும் எழுதினே. அவன் பேர், உன் பேர், எல்லாம்," என்றார் அவர். "இந்த ஒரு பிழையை மட்டும் விட்டுட்டியே."

வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு படியிறங்கி, வீட்டுக்குப் போகும் தெருவை விட்டு, கடை இருக்கும் பக்கம் நடந்தார்.